மேடைக்கும் போட்டிக்கும் ஒரே நடனமா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. ஆனால் நடனம் அமைப்பவர் கூடத்தையும் கவனிக்கத்தான் வேண்டும். ஆண்டு விழா மேடை வேறு. போட்டிக் களம் வேறு. இரண்டுக்கும் ஒரே நடனம் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று என்பதே என் கருத்து.

மேலைநாட்டுப் பால்ரூம் நடனத்தைப் பாருங்கள். வால்ட்ஸ், டாங்கோ முதலியவற்றை இணை இணையாக ஆடுவர். போட்டியில் பல இணைகள் ஒரே தளத்தில் ஒருங்கே சுழலும். எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பது பொதுவாக முன்கூட்டித் தெரியாது. நடுவரின் கண் ஓர் இணையின்மேல் தங்குவது சில நொடிகளே. ஆகவே அடிவைப்பும் நிமிர்வும் தாளமும் எக்கணமும் பிழையின்றித் தெரியும்படி அமைப்பர். நெரிசல் வந்தால் வழி மாறவும் பழகுவர். காட்சிக்கு ஆடும்போதோ தளம் முழுவதும் அவர்களுடையது. பாட்டும் அவர்கள் தேர்ந்ததே. அங்கே கதை சொல்லலாம். அசையாமல் நிற்கவும் இடமுண்டு.

நம் ஊருக்கு வருவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் ஓசூரில் மூன்று மொழியினரும் அறிந்த ஆட்டம் கோலாட்டம். அதிலும் பின்னல் கோலாட்டம் தனி அழகு. மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, கோலடித்தபடியே மாறி மாறிச் சென்று பின்னி, பிறகு அவிழ்க்க வேண்டும். ஒருத்தி தவறினாலும் சிக்கல்தான். கடைசி வரிசையில் அமர்ந்த பாட்டிக்கும் அந்தப் பின்னல் தெரியும். ஆனால் ஐந்து நிமிடப் போட்டியில் பின்னி அவிழ்க்க நேரமேது? அங்கே சிலர் போதும். கோலடியின் ஒத்திசைவும் திருத்தமான அடியுமே மதிப்பெண் பெறும்.

நான் முன்பு படித்த பள்ளியில் போட்டிக்காகப் பதினாறு பேர் எட்டுப் பேராயினர். ஆண்டு விழாவிலும் அந்த எட்டுப் பேரே ஆடினர். அவர்களுள் நானும் ஒருத்தி. விலக்கப்பட்ட என் தோழி அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டிருந்தாள். தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து, உறங்காமல் வந்திருந்த அவள் தந்தை, மகள் எப்போது வருவாள் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையை வென்றோம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முகமே.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரல் நுனி வரை கவனம் வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தது போட்டிதான். கேரளத்தில் 1957 முதல் நடந்துவரும் பள்ளிக் கலைவிழா எத்தனையோ மாணவரை மேடையேற்றியிருக்கிறது. எனினும் அங்கே தனியொருவருக்கு வழங்கப்பட்ட கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் பின்னர் கைவிடப்பட்டன. பரிசின் ஆசை கலையை மிஞ்சலாகாது அன்றோ?

ஆகவே ஆசிரியைகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். போட்டிக்குத் தேர்ந்த சிலரைக் கொண்டு சுருக்கமாக ஒரு நடனம் அமையுங்கள். ஆண்டு விழாவுக்கு வேறொன்று அமையுங்கள்; அதில் தாளம் பிசகுபவளுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். பார்க்க வருபவர்கள் நடுவர்கள் அல்லர், பெற்றோர். அவர்கள் தேடுவது ஒரே ஒரு முகத்தைத்தான்.

பதினோராம் வகுப்பு மாணவி