முதுமையிற் கனிந்த இசை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசையான 'புளூஸ்' கேட்டு வளர்ந்த இளைஞர்கள் 1962இல் இலண்டனில் அமைத்த குழு 'றோலிங் ஸ்ரோன்ஸ்'. அக்குழுவினர் 2016இல் வெளியிட்ட 'புளூ அன்ட் லோன்சம்' இசைத்தட்டு, முந்திய டிசம்பரில் மூன்றே நாளிற் பதிவானது. 12 பாட்டுக்களும் பிறருடையவை. சரக்குத் தீர்ந்துவிட்டது என்பார் கூற்றை நாம் ஏற்கோம். இளமையிற் பாவனை செய்து பழகிய துயரத்தை இங்கே உணர்ந்து பாடுகின்றனர். தலைப்புப் பாட்டை முன்னர்ப் பாடிய லிற்றில் வோல்ரர், மவுத் ஓகனைப் பேசவைத்த மேதை. 1968இல் 37 வயதிலே மறைந்தார். அதனை மிக் ஜாகர் பாடியபோது அவருக்கு வயது 72. குரல் இருக்கட்டும், அவர் ஊதும் மவுத் ஓகனைக் கேளுங்கள். மாணவர்கள் வோல்ரரை முதலிற் கேட்டுவிட்டு இதற்கு வருவது நன்று.