பளபளப்பைப் பார்க்காதீங்க, கலவையைக் கேளுங்க

முடிச்சூர்ல இப்போ வயலைவிட வீடுங்கதான் அதிகம். புதுசா குடிவந்தவங்க பல பேர் பாரம்பரியம்னு சொல்லி பித்தளைப் பாத்திரமும் இரும்பு தோசைக்கல்லும் தேடி வாங்குறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா விதை வாங்கும்போது ரகம் கேட்கிற மாதிரி, பாத்திரம் வாங்கும்போது அது என்ன கலவைன்னு கேட்கணும் என்பது என் கருத்து.

ஒரு உலோகத்தோட இன்னொரு உலோகத்தையோ கரியையோ உருக்கிச் சேர்த்தா அது உலோகக் கலவை. அடிப்படை இரும்பா, இல்லையா என்பதுதான் முதல் பிரிவு. இரும்புல கரி 2 சதவீதத்துக்குள்ள இருந்தா எஃகு. அதைத் தாண்டினா வார்ப்பிரும்பு. எங்க அரிவாள் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது. அது எஃகு, அடி தாங்கும். வார்ப்பிரும்பு தோசைக்கல்லைக் கீழே போட்டா உடையும். ரெண்டும் இரும்புதான், வித்தியாசம் கொஞ்சூண்டு கரி.

பழைய இரும்பு வாங்குறவர் காந்தம் வெச்சுப் பார்ப்பார். அதையும் முழுசா நம்ப முடியாது. எவர்சில்வரும் இரும்புக் கலவைதான். ஆனா 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த ரகத்துல காந்தம் சரியா ஒட்டாது.

அடுத்து செம்பு. துத்தநாகம் சேர்த்தா பித்தளை, வெள்ளீயம் சேர்த்தா வெண்கலம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பித்தளை. ஆதிச்சநல்லூர்ல தோண்டினப்போ வெண்கலப் பாத்திரங்கள் கிடைச்சது. அவ்வளவு பழைய அறிவு இது.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்னு ஒதுக்காதீங்க. சும்மா பித்தளையில புளிக்குழம்பு வெச்சா, புளிப்பு செம்பைக் கரைச்சு குழம்புல இறக்கிடும். அதனாலதான் உள்ளே ஈயம் பூசுவாங்க. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் விஷம். ரெண்டையும் 'ஈயம்'னு ஒரே வார்த்தையில சொல்றதுதான் ஆபத்து. போதாக்குறைக்கு அலுமினியச் சட்டியையும் ஈயச் சட்டின்னு சொல்லிப் பழகிட்டோம்.

அதனால கடையில ரெண்டு கேள்வி கேளுங்க: "இதுல என்னென்ன கலந்திருக்கு? உள்ளே பூசினது வெள்ளீயம்தானா?" பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர்கிட்ட விளக்கு வாங்குங்க, பரவாயில்லை. சமைக்கிற பாத்திரம் மட்டும் வாங்காதீங்க.