மெரிக்கான் எந்த ஊர்க்காரர்?

போன மாதம் ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். "மெரிக்கான்!" என்று தாதி கூப்பிட்டதும் சொங்கோக் அணிந்த பெரியவர் ஒருவர் எழுந்து உள்ளே போனார். பக்கத்திலிருந்த பையன் தன் தாத்தாவிடம், "அவரு அமெரிக்காக்காரரா தாத்தா?" என்றான். "இல்லடா, மலாய்க்காரரு" என்றார் தாத்தா.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பெயர் தமிழ்ப் பெயர்!

மரைக்காயர்தான் மெரிக்கான். மரக்கலத்தை வைத்து வந்த பெயர் என்று பலரும் சொல்வார்கள். படகைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கப்பலில்தான் போய் நிற்கிறது. ஆங்கிலேயரிடம் கொல்லர் 'ஸ்மித்' ஆனதும் தையல்காரர் 'டெய்லர்' ஆனதும் போல, சோழமண்டலக் கரையில் கப்பல் ஓட்டி வாணிபம் செய்தவர்களுக்குத் தொழிலே பெயராகிவிட்டது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய பிறகு, அந்தக் கரையிலிருந்து வணிகர்களும் கூலிகளும் படகோட்டிகளும் வந்து குவிந்தார்கள். அவர்களைச் 'சூலியா' என்றார்கள். சூலியா ஸ்திரீட் அந்தப் பெயரை இன்னும் வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தலைவராகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டவர் காதர் முகைதீன் மரைக்காயர். 1801இல் பள்ளிவாசலுக்கென்று கம்பெனி நிலம் கொடுத்தது. நாம் இன்று பார்க்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அங்கே எழுந்ததுதான். அவருடைய சமாதி கம்போங் கோலத்தில், பள்ளிவாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. எத்தனை முறை அந்த வழியே போயிருப்போம்!

சரி, மரைக்காயர் எப்படி மெரிக்கான் ஆனார்? பேச்சில் மரைக்காயர் 'மரைக்கார்' ஆகிவிடுவார். 'ஆர்' மரியாதை விகுதி. அதை எடுத்துவிட்டால் 'மரைக்கான்'. கம்பெனி எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். மரியாதை விகுதியெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? இது என் கணிப்பு. ஆனால் மற்ற ஊர்களைப் பாருங்கள்: புதுச்சேரி முதலமைச்சராக இருந்த பாரூக் மரைக்கார், இலங்கை நாடாளுமன்றச் சபாநாயகராக இருந்த பாக்கீர் மாக்கார், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு கடலில் மோதிய கேரளத்துக் குஞ்ஞாலி மரைக்கார்கள். எல்லாரிடமும் அந்த 'ஆர்' பத்திரமாக இருக்கிறது. இங்கே வந்துதான் 'ஆன்' ஆகிவிட்டது.

வந்தவர்களில் பலர் இங்கேயே மலாய்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் ஜாவி பெரானாக்கான் ஆனார்கள். நாளடைவில் வீட்டில் மலாய் வந்தது, தமிழ் போனது. இதில் யாரைக் குறை சொல்வது? நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்வோம்.

ஆனால் பெயர் போகவில்லை. நம்மைப் போலவே மலாய்க்காரர்களுக்கும் அப்பா பெயர்தான். குடும்பப் பெயர் வழக்கமில்லை. அப்படியிருந்தும் சொந்தப் பெயருக்கும் 'பின்'னுக்கும் நடுவில் மெரிக்கான் போய் உட்கார்ந்துகொண்டது. ஆண் பெண் வித்தியாசமில்லை. பினாங்கில் பிறந்து மலேசிய நாடக மேடைக்கே அம்மாவான பரீடா மெரிக்கானும், பெட்ரோனாஸ் தலைவராக இருந்த ஹசான் மரிக்கானும் இந்தப் பெயர்க்காரர்கள்தாம். சில குடும்பங்களில் 'நயினா மெரிக்கான்' என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தே வரும்.

பெரியவர் மருந்து வாங்க வெளியே வந்தபோது, மலாயில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தவர் என்பது தெரியும், ஊர் தெரியாது என்றார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மருந்துப் பையை நீட்டினார், தமிழில் எழுதித் தரச் சொல்லி. மரைக்காயர் என்று எழுதினேன். எழுத்தின் மேல் விரலை வைத்து, "இதில் எது 'மெ'?" என்று கேட்டார். 'மெ' இல்லை, 'ம'தான் என்றேன்.

உங்களில் யாராவது இந்தக் குடும்பத்து வேர் தேடினால் ஒரு யோசனை: பழைய நிலப் பத்திரத்திலும் கல்லறைக் கல்லிலும் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடாதீர்கள். மரிக்கான், மெரிக்கான், மரிக்கார், மரைக்காயர் என எல்லாவற்றையும் தேடுங்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று என்று எழுதி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.