வீட்டிலிருந்து செய்ததும் வேலைதான்

மாத்தளை மாவட்டத்தில் தமிழ்மொழி மூலம் கடமையாற்றும் அரச உத்தியோகத்தர்களாகிய எமது சங்கத்தின் நிலைப்பாடு, 2021 ஓகஸ்ட்

ஓகஸ்ட் 2ஆம் திகதி முதல் அரச உத்தியோகத்தர் அனைவரும் வழமைபோல் கடமைக்குச் சமூகமளிக்க வேண்டுமென்ற அரசாங்கத்தின் தீர்மானத்தை எமது செயற்குழு ஆராய்ந்தது. கொவிட் தொற்றின் டெல்டா திரிபு பரவிவரும் இவ்வேளையில் இது மீள்பரிசீலனை செய்யப்பட வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. "உடனடியாக வாபஸ் பெற வேண்டும்" என்றே எழுதுமாறு வற்புறுத்திய உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம்.

கடந்த ஆண்டு மார்ச் 20 முதல் 27 வரை பிரகடனமான வீட்டிலிருந்து பணி வாரம், அதனோடு ஒட்டி வந்த ஊரடங்கு, மே மாதச் சம்பளத்தை விட்டுத்தருமாறு கேட்ட கடிதம், இவ்வருடப் பயணத்தடை எல்லாம் உறுப்பினர் அறிந்தவை. கடந்த மே மாத இறுதியில் மாவட்டச் செயலகம் தொடங்கி கிராம உத்தியோகத்தர் வரை வர்த்தமானி மூலம் அத்தியாவசிய சேவையாக்கினார்கள். இரண்டு மாதம் கழிந்ததும் அதே ஆட்களைப் பற்றி, வீட்டில் சும்மா இருந்து சம்பளம் எடுத்தவர்கள் என்ற தொனியில் பேச்சு அடிபடுகிறது. அத்தியாவசியமானவன் எந்தத் திகதியில் சோம்பேறியானான் என்பதைச் சுற்றுநிருபம் போட்டு அறிவித்தால் நல்லது.

வீட்டிலிருந்து செய்த வேலை பயன் தந்ததா என்றால், ஓரளவு தந்தது என்பதே பொதுவான கருத்து. மாதாந்த அறிக்கை, கடித வரைவு, பயனாளிப் பட்டியல், கலந்துரையாடல் ஆகியவை நின்றுபோகவில்லை. கோவையும் முத்திரையும் வேண்டிய வேலைகள் தேங்கின. கோவையை வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது; அதிலுள்ளது கணினியிலும் இல்லை; அரச வலையமைப்போ செயலகக் கட்டடத்துக்கு வெளியே எட்டிப்பார்ப்பதில்லை. காணி அலுவலுக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைந்த மக்களின் சிரமத்தை மறுக்கவில்லை. அதற்கான பொறுப்பைக் கீழ்மட்ட உத்தியோகத்தர் தலையில் கட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

செயற்குழுவில் ஒருவர்கூட மாறுபடாத விடயம் தொலைபேசி. வீட்டிலிருந்து பணி என்று அரசாங்கம் சொன்னபோது மடிகணினி தரவில்லை, டேட்டா தரவில்லை. எமது கைத்தொலைபேசியையே அலுவலகமாக்கிக்கொண்டது. ரீலோட் எமது காசு. உடைந்த திரையை மாற்றியதும் எமது காசு. ஒரு வட்ஸ்அப் குழு இரண்டானது, இரண்டு ஏழானது. கட்டளை எந்த நேரத்திலும் வரும். நீல அடையாளம் விழுந்தால் பார்த்துவிட்டீர் என்று அர்த்தம், விழாவிட்டால் கடமையில் இல்லை என்று அர்த்தம். ரத்தோட்டைக்கு மேலே தோட்டப் பிரிவொன்றில் நிவாரணப் பட்டியல் எடுத்த ஒரு சகோதரியின் அனுபவம் செயற்குழுவில் வாசிக்கப்பட்டது. லயத்தின் கோடியில் தள்ளி நின்று பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டுக் கொப்பியில் எழுதினார். தாள்களைப் படமெடுத்து, கவரேஜ் கிடைக்கும் வளைவு வரை நடந்து வந்து அனுப்பினார். இரவு பத்தரைக்குப் பதில் வந்தது: "தெளிவில்லை. எக்செல்லில் அனுப்பவும். விடியுமுன் தேவை." வீட்டில் கணினி இல்லை என்று அவர் எழுதியதற்குப் பதிலே வரவில்லை. லக்கலையிலும் வில்கமுவவிலும் கடமையாற்றுவோருக்கு இது புதுக்கதை அல்ல. இதற்குப் பெயர் வீட்டில் சும்மா இருப்பதா?

இந்திய மத்திய அரசின் பணியாளர் துறை, வீட்டிலிருந்து பணிக்கான வரைவு வழிகாட்டலை 2020 மே மாதத்திலேயே சுற்றுக்கு விட்டது. மடிகணினியும் இணையச் செலவை மீளளிப்பதும் அதில் பேசப்பட்டன. அது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. கேட்கவாவது அங்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே, நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து ஜூலை 12 முதல் விலகியிருக்கும் ஆசிரியர்களின் சம்பளப் போராட்டம் தனியானது. ஆயினும் டேட்டா செலவு என்ற இடத்தில் அவர்களும் நாமும் ஒன்றே.

கர்ப்பிணிகளையும் நாட்பட்ட நோயுள்ளோரையும் அலுவலகத்துக்கு அழைக்கக் கூடாது. ஆசன அளவுக்கே பயணிகள் என்ற விதி காலை ஏழு மணி பஸ்ஸில் எப்படி இருக்கிறது என்பதைத் தீர்மானம் எடுப்போர் ஒருநாள் ஏறிப் பார்க்கலாம். வீட்டு வேலைச் சுமை பற்றிப் பெண் உறுப்பினர்கள் தந்த குறிப்பு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது; ஒத்திவைத்தது சரியல்ல என்ற அவர்களது ஆட்சேபமும் பதியப்படுகிறது.

ஆகவே, சுழற்சி முறை கடமை தொடர வேண்டும். எந்த வேலை வீட்டில், எது அலுவலகத்தில் என்பதை ஒவ்வொரு பிரிவிலும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். டேட்டா கொடுப்பனவு, கடந்த மாதங்களுக்கும் சேர்த்து, வழங்கப்பட வேண்டும் என்பது எமது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு என்ற சொல் போதாது என்று வெளிக்கள உத்தியோகத்தர் தரப்பு கருதுகிறது.

பணிப்பகிஷ்கரிப்புப் பற்றித் தற்போதைக்குத் தீர்மானம் இல்லை. ஆனால் இக்கோரிக்கைகளுக்கு எழுத்துமூலப் பதில் கிடைக்கும்வரை, மாலை 4.15க்குப் பின் வரும் அலுவலகச் செய்திகளை உறுப்பினர்கள் தமது சொந்தத் தொலைபேசியில் ஏற்கமாட்டார்கள். மரணம், தனிமைப்படுத்தல், உலருணவு தொடர்பான அழைப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றை எந்த நேரத்திலும் எடுப்போம்; இதுவரை எடுத்ததும் நாங்கள்தான்.