தடை பேரியத்துக்குத்தான், பச்சை நிறத்துக்கு அல்ல!

“பச்சை உப்பு இல்லேன்னா மத்தாப்பு எப்படிப் போடுறது?” சிவகாசி வட்டாரத்தில் சில ஆண்டுகளாகக் கேட்கும் கேள்வி இது. பச்சை உப்பு என்று இங்கே சொல்வது பேரியம் நைட்ரேட்டை. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. 2021-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. பேரியத்தை அனுமதிக்கக் கோரிய மனுவும் 2023 செப்டம்பரில் நிராகரிக்கப்பட்டது.

‘பிழைப்பா, காற்றா?’ என்றே விவாதம் நடக்கிறது. இதில் வழி தேட உதவும் பாடம் ஒன்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது: எலக்ட்ரான் அமைப்பு.

நிறம் எங்கிருந்து வருகிறது?

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இஷ்டத்துக்கு இருப்பதில்லை. அவற்றுக்கென ஆற்றல் மட்டங்கள் உண்டு. மாடிப்படி மாதிரிதான்: இரண்டு படிக்கு நடுவே நிற்க முடியாது. சூடு கிடைத்தால் எலக்ட்ரான் மேல் படிக்குத் தாவும். இறங்கும்போது, அந்த இடைவெளிக்குச் சமமான ஆற்றலை ஒளியாக விடும். இடைவெளி சின்னதாக இருந்தால் சிவப்பு, பெரிதானால் பச்சை, இன்னும் பெரிதானால் நீலம். இந்தப் படிக்கட்டுக் கணக்கை ஹைட்ரஜனுக்கு முதலில் போட்டுக் காட்டியவர் நீல்ஸ் போர், 1913-இல்.

ஒரே குடும்பம், வேறு வேறு நிறம்

சிவகாசிப் பக்கத்து ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை இருக்கிறது. சிமென்டுக்கு மூலம் சுண்ணாம்புக்கல். அதில் இருப்பது கால்சியம். அதன் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 8, 2. மத்தாப்புக்குச் சிவப்பு தரும் ஸ்ட்ரான்சியம் 2, 8, 18, 8, 2. பச்சை தரும் பேரியம் 2, 8, 18, 18, 8, 2. மூன்றுக்கும் வெளிக்கூட்டில் இரண்டே எலக்ட்ரான்கள். தீயில் குளோரினுடன் சேரும்போது ஒன்று பிணைப்புக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒன்று ஏறி இறங்கி நிறம் காட்டும். அணு மாறினால் படிகளின் இடைவெளியும் மாறும். அதனால்தான் கால்சியம் ஆரஞ்சு, ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை.

ஆக, ஸ்ட்ரான்சியத்தைப் போட்டுப் பச்சை வாங்க முடியாது. எந்த உத்தரவுக்கும் எலக்ட்ரான் பணியாது. பேரியம் நைட்ரேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: எரிவதற்கு ஆக்சிஜன் தருவது. பச்சை நிறமே இல்லாத கம்பி மத்தாப்பிலும் அது சேர்ந்தது இதனால்தான்.

தடை தவறா?

இல்லை. கரையும் பேரியம் உடலுக்குள் போனால் பொட்டாசியத்தின் பாதையை அடைத்துத் தசைகளையும் இதயத்தையும் பாதிக்கும். அதை நாள் முழுக்கக் கையாளும் தொழிலாளிக்கே முதல் ஆபத்து. ஆனால் ‘போடாதே’ என்று சொன்னவர்கள், ‘வேறு எதைப் போடுவது’ என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். பசுமைப் பட்டாசு என்பது புகையைக் குறைக்கும் முயற்சி. பச்சை ஒளிக்கான பதில் அல்ல.

பதில் இல்லாமலும் இல்லை. பேரியமே இல்லாமல் போரான் கார்பைடில் இருந்து பச்சை ஒளியைப் பெற முடியும் என்று அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். பச்சைக்கு ஏற்ற இடைவெளி வேறு இடத்திலும் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். சிவகாசிக்குக் கட்டுப்படியாகும் விலையில், இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்கும் கலவையாக அதை மாற்றும் ஆராய்ச்சிக்கு மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும்.

புதுக் கலவை வந்தால் புது ஆபத்தும் வரும். நைட்ரேட்டும் அலுமினியத் தூளும் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அலுமினியம் தன் வெளிக்கூட்டின் 3 எலக்ட்ரான்களை எளிதில் விட்டுவிடுவதே காரணம். இது பரீட்சையில் 2 மார்க் கேள்வி. மருந்து கலக்கும் அறையில் உயிர்ப் பிரச்சினை. எனவே எலக்ட்ரான் பாடம் வகுப்பறையோடு நின்றுவிடக் கூடாது. மருந்து கலக்கும் ஒவ்வொருவருக்கும், அவர்களுக்குப் புரியும் பேச்சுத் தமிழில், வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு சொல்லித்தரப்பட வேண்டும்.