எரியும் பனிக்கட்டி

நீரும் நெருப்பும் தம்முட் பகை என்பது உலக வழக்கு. ஆயினும், நெருப்புக்கு உணவாகும் வாயு நீரின் கூட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதை ஆழ்கடலடியிற் காண்கிறோம். தீயை அருகே காட்டினால் எரியும் இப்பனிக்கட்டியை வாயு ஐதரேற்று என்பர். எரிபொருளுக்கு அலையும் நாடுகளின் கண் இன்று இதன்மேல் விழுந்திருக்கிறது.

குளிரும் அமுக்கமும் ஒருங்கே மிகுமிடத்து, நீர் மூலக்கூறுகள் பிணைந்து கூண்டுகளாகின்றன. கூண்டினுள் மெதேன் தங்குகிறது. மெதேன் இன்றேற் கூண்டும் நிலையாது. 0 பாகை சதமவளவையில் இது நிலைபெற, வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 26 மடங்கு வேண்டும். அமுக்கம் தளர்ந்தாலோ வெப்பம் ஏறினாலோ கூண்டு உடையும். ஒரு கன மீற்றர் ஐதரேற்று ஏறத்தாழ 160 கன மீற்றர் மெதேனை வெளிவிடும்.

இப்பொருள் மனிதனுக்கு முதலில் இடையூறாகவே அறிமுகமாயிற்று. இயற்கை வாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனியன்று, ஐதரேற்றே என 1934இல் ஹமர்ஷ்மித் காட்டினார். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவின்மேல் இறக்கிய பெருங்கவிகையும் இதனாலேயே அடைபட்டுப் பயனற்றுப்போனது.

2013இல் யப்பான் தனது நங்காய்க் கடலடியில் அமுக்கத்தைக் குறைத்து, ஆறு நாளில் ஏறக்குறைய 1,20,000 கன மீற்றர் வாயுவைப் பெற்றது. பின்னர் கிணற்றுள் மணல் புகவே முயற்சி நின்றது. 2017இல் சீனா தென்சீனக் கடலில் 60 நாள் வாயு எடுத்தது.

தடை எங்கே உளது? கூண்டு உடைய வெப்பம் வேண்டும்; அது சூழவுள்ள மண்ணினின்றே பெறப்படுகிறது. உடைய உடையச் சூழல் குளிர்கிறது. குளிரவே உடைவும் தளர்கிறது. மேலும், மண்துணிக்கைகளைப் பிணைத்துநின்ற ஐதரேற்று அகன்றால் மணலும் நெகிழ்ந்து வாயுவோடு வருகிறது.

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. நூறாண்டுக் கணக்கில், நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது மெதேன். ஆழ்கடலிற் கசியும் மெதேனிற் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் வழியிலேயே உட்கொண்டுவிடுகின்றன என்பது ஆறுதல். ஆனால், அகழ்வோர் கிணற்றினின்று கசிவது அவ்வழியே செல்லவேண்டுமென்பதில்லை. எரித்தாலும், நிலக்கரியிற் குறைவாயினும், காபனீரொட்சைட்டு எழவே செய்யும்.

ஆதலின், கூண்டு எவ்வாறு உருவாகிறது, எவ்வேகத்தில் உடைகிறது என ஆராய்வது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. அதனை முற்ற அறியுமுன் அகழத் துணிவது, மூடத் தெரியாத கதவைத் திறப்பதாகும். அறிவு முந்தட்டும், ஆதாயம் பிந்தட்டும்.