சொல் ஒன்று, பொருள் பல

2025 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் பல சிறு நிறுவனங்கள் ஒரே இரவில் குறு நிறுவனங்களாயின. அவற்றின் இயந்திரங்கள் விற்கப்படவில்லை, விற்றுமுதல் சரியவில்லை. மாறியது வரையறை மட்டுமே. குறு நிறுவனத்துக்கான முதலீட்டு வரம்பு 1 கோடி ரூபாயிலிருந்து 2.5 கோடியாகவும், விற்றுமுதல் வரம்பு 5 கோடியிலிருந்து 10 கோடியாகவும் உயர்த்தப்பட்டன.

உள்நாட்டில் ஆண்டுக்கு 8 கோடி ரூபாய்க்கு விற்கும் ஒரு பட்டறை, மார்ச்சில் ‘சிறு’, முதலீடு 2.5 கோடிக்குள் இருந்தால் ஏப்ரலில் ‘குறு’. இரு ஆண்டுகளின் கடன் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்க்கும் ஓர் அதிகாரி, குறு நிறுவனங்களுக்கான கடன் பெருகிவிட்டதாக மகிழக்கூடும். எண்களில் பிழை இராது, முடிவில் இருக்கும்.

நம்முடைய சிக்கல் தரவுப் பற்றாக்குறை அன்று. தரவுக்குப் பொதுவான பொருள் இல்லாமையே என்பது என் கருத்து. ஒரே நிறுவனத்தில் விலை விசாரித்தவரையும் ‘வாடிக்கையாளர்’ என்று எண்ணுகிறது விற்பனைப் பிரிவு. பணம் செலுத்தியவரை மட்டுமே எண்ணுகிறது கணக்குப் பிரிவு. எத்தனை வாடிக்கையாளர்கள் என்று கேட்டால் இரு விடைகள் வரும், இரண்டும் உண்மையே.

இந்தக் குழப்பத்தின் விலையை உலகம் 2008 செப்டம்பரில் அறிந்தது. லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது, அதன் எந்தத் துணை நிறுவனத்திடம் யாருக்கு எவ்வளவு நிலுவை என்பதை விரைந்து கணக்கிட இயலவில்லை. ஒரே நிறுவனம் வெவ்வேறு பேரேடுகளில் வெவ்வேறு பெயரிலும் குறியீட்டிலும் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். அதன் பிறகே நிறுவனங்களுக்கான 20 இலக்க உலகப் பொது அடையாளக் குறியீடு உருவானது. 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிறுவனங்கள் செய்யும் வங்கிப் பரிமாற்றங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியும் அதைக் கட்டாயமாக்கியது.

ஆனால், அடையாள எண் ‘யார்’ என்பதை மட்டுமே சொல்லும். ‘என்ன’ என்பதைச் சொல்வது ஆன்டாலஜி. ஒரு துறையில் உள்ள பொருள்கள் யாவை, அவற்றிடையே உறவு என்ன, எந்த விதி எதற்குப் பொருந்தும் என்பதைக் கணினியும் படிக்கும்படி எழுதிவைக்கும் முறை அது. இதற்கான ‘ஆவுல்’ என்னும் மொழி 2004இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரநிலையானது. நிதித் துறைக்கு ‘ஃபைபோ’ என்ற பொது ஆன்டாலஜியே இருக்கிறது. இந்த வரையறைகளின் மேல் உண்மைத் தரவுகளை உறவுகளால் கோத்தால் அது அறிவு வரைபடம் ஆகிறது. அங்கே பட்டறையின் விற்றுமுதல் ஓர் உண்மையாக நிற்கும். அது ‘சிறு’வா ‘குறு’வா என்பதை, கேட்கப்படும் தேதியில் நடப்பிலுள்ள வரையறை தீர்மானிக்கும்.

இது இப்போது அவசரமாகிறது. முன்பு இந்த நுணுக்கங்களை மூத்த எழுத்தர் ஒருவர் அறிந்திருப்பார். ‘எந்த ஆண்டுக் கணக்கு?’ என்று திருப்பிக் கேட்பார். இன்று அந்தக் கேள்விகள் செயற்கை நுண்ணறிவிடம் செல்கின்றன. வரையறை எழுதப்படாத இடத்தில் அது தயங்காமல் விடை சொல்லிவிடக்கூடும். அந்த விடையை நம்பி ஒரு பட்டறைக்குக் கடன் மறுக்கப்படலாம்.

மென்பொருள் வாங்குவதால் மட்டும் இது தீராது. ஒரு சொல்லுக்குப் பொருள் வகுப்பது அதிகாரம் சார்ந்த செயல். ஒரு பிரிவின் பொருளை மற்றவற்றின் மேல் திணிப்பது தீர்வாகாது. வேறுபடும் பொருள்களுக்கு வேறு பெயரிட்டு, அவற்றின் உறவைப் பதிவு செய்வதே முறை. நிறுவனங்கள் தாம் அதிகம் பயன்படுத்தும் பத்துச் சொற்களிலிருந்து தொடங்கலாம். அரசோ, வெளியிடும் ஒவ்வொரு புள்ளிவிவரத்துடனும் அதன் வரையறையையும், அது நடப்புக்கு வந்த நாளையும் கணினி படிக்கும் வடிவில் சேர்த்துத் தர வேண்டும். எண்ணை மட்டும் தந்து பொருளைத் தராவிட்டால், அது பாதிக் கணக்கே.